இடது பக்கம் பார்த்துச் சொல்

"வரும்போது லைசென்சையும் எடுத்துட்டு வா" என்று அக்கா போனில் சொன்னபோதே நான் பயந்திருக்க வேண்டும். ஈப்போவில் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். அக்கா சரோஜா கல்யாணமாகி மலேசியாவை விட்டு ராஜபாளையத்துக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அத்தான் அங்கே பேண்டேஜ் துணி நெய்கிற சின்னத் தறிக்கூடம் ஒன்றை நடத்துகிறார். அவருக்குக் கண்ணில் நீர் அழுத்தம். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறதாம்.

"நேரா இருக்கிறது தெரியுது. பக்கவாட்டுல ஒண்ணும் தெரியல. ஓட்டாதீயன்னா கேக்க மாட்டேங்காக. நீ சொன்னா கேப்பாக. வந்து அந்தக் கார வித்துக் குடுத்துட்டுப் போ" என்றாள். அந்த ஒரு வேலைக்காகத்தான் கிளம்பினேன்.

மதுரை விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தால், காரில் சாய்ந்தபடி அத்தானே நிற்கிறார். வெள்ளைச் சட்டை, கையில் சாவி. அக்கா அவர் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். இப்போது ஒன்றும் பேசாதே என்று அர்த்தம்.

கார் அழகானதுதான். ஐரோப்பாவில் செய்த டீசல் எஸ்டேட் கார், கரும்பச்சை நிறம். முன்னால் பார்த்தால் சாதாரணக் கார். பின்னால் கூரை இறங்காமல் கடைசி வரை ஒரே உயரத்தில் நீண்டு போகிறது. எர்ணாகுளத்தில் ஒரு டாக்டர் வெளிநாட்டில் குடியேறக் கிளம்பியபோது விற்றதை அத்தான் நான்கு வருடத்துக்கு முன்னால் வாங்கியிருக்கிறார். நான் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். தோல் இருக்கை உடம்பை ஏந்திக்கொண்டது. கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் அறுந்து போயிற்று. அந்த அமைதியில்தான் அக்காவின் பேச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஒன் மக இன்னும் அந்த ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்காளா, இடது பக்கம் பைக்கு, ரெண்டு பேரு, அவளுக்கு மாப்பிள்ளை பாக்கியா இல்லையா, வலது பக்கம் லாரி ஏறுது, விடுங்க, விடுங்க, ம், போங்க, ஏன் தம்பி இம்புட்டு மெலிஞ்சு போன?"

ஒரே குரல், ஒரே வேகம். எனக்கான கேள்வியும் அவருக்கான சாலையும் ஒரே வாக்கியத்தில் வந்தன. முதலில் எனக்குப் புரியவில்லை. கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாகத் திரும்பியபோது அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். "பஸ்ஸு. ஒண்ணு. ரெண்டு. இன்னொண்ணு இருக்கு. செத்த நேரம் பொறுங்க. ம், இப்ப போங்க." அத்தான் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, அவள் சொன்ன இடத்தில் நின்றார், சொன்ன நேரத்தில் கிளம்பினார். ஒன்றரை வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. என் கை தானாக முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டது. ராஜபாளையம் வரும் வரை விடவில்லை.

மறுநாள் காலையில் அந்தக் காரோடு வாழ்வது எப்படி என்று பார்த்தேன். வீட்டுச் சந்துக்குள் நுழைய அக்கா இறங்கி நின்று கைகாட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் படிக்கட்டில் வைத்த பூந்தொட்டியை உள்ளே எடுக்க வேண்டும். ஊரில் உள்ள ஒவ்வொரு வேகத்தடையிலும் அதன் அடிவயிறு உரசியது. சின்னதாக ஒரு பாகம் போனால் எர்ணாகுளத்துக்குச் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு முறை பின்பக்கக் கதவின் கைப்பிடி உடைந்து, மூன்று மாதம் கயிற்றைப் போட்டு இழுத்துத் திறந்தார்களாம். ஈப்போவில் இந்த மாதிரிப் பழைய கார் வைத்திருப்பவர்களை நாங்கள் கேலி செய்வோம். இங்கே யாரும் கேலி செய்யவில்லை. தெருவே அதற்கு வழிவிட்டது.

ஆனால் அது என்ன வண்டி என்பதில்தான் ஊருக்குக் குழப்பம். பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். பாலும் சர்க்கரையும் சரிசமமாக இருந்த காபி. எங்கள் ஊர்க் கறுப்புக் காபிக்கு ஏங்கிய நாக்கு மடங்கிப் போயிற்று. பக்கத்தில் இரண்டு பெரியவர்கள் காரைப் பார்த்து, அந்த ஊரில் பல வீடுகளில் புழங்குகிற தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று அக்காவைக் கேட்டேன். "இதுல படுத்துட்டுப் போனா சொகமாத்தான் இருக்கும், ஆனா அப்ப நமக்கு உசுரு இருக்காதேங்காக" என்றாள். அமரர் ஊர்தி என்று நினைத்திருக்கிறார்கள். அத்தானும் சிரித்தார். பின்பக்கத்தைத் திறந்து, அடுக்கியிருந்த பேண்டேஜ் துணிக் கட்டுகளை அவர்களுக்குக் காட்டினார்.

அன்று முழுவதும் பேச்சை எடுக்கச் சந்தர்ப்பம் தேடினேன். மதியம் பரோட்டாவும் சால்னாவும் வந்தன. எண்ணெயில் பொரித்த பரோட்டா, கையால் நொறுக்கினால் சத்தம் கேட்கிறது. அத்தான் தன் தட்டில் இடது ஓரத்தில் இருந்த வெங்காயத்தைக் கவனிக்கவே இல்லை. வெங்காயம் வைக்கவில்லையா என்று கேட்டார். அக்கா தட்டைத் திருப்பி வைத்தாள். நான் சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். அக்காவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. நான் ஓட்டுகிறேன் என்று சாவியைக் கேட்டேன். "விருந்தாளிய ஓட்டவிட்டா ஊரு சிரிக்கும் மாப்ளே" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, சாவியைத் தந்தார். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வண்டியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எத்தனையாவது கியரில் எப்படி உறுமும், ஏற்றத்தில் எப்படி மூச்சு வாங்கும் என்பதையெல்லாம் சொன்னார். அவர் காலும் என்னோடு சேர்ந்து மிதித்துக்கொண்டே இருந்தது.

கோவிலுக்குப் பக்கத்துத் தெருக்களில் அந்த நீளத்தை நிறுத்த இடமில்லை. தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்தோம். கூட்டத்தில் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நட்பாகப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். ஒரு கணம் கையை விலக்கி முகம் துடைத்தேன். அதற்குள் இடது பக்கம் உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவின் கூடையை மிதித்துவிட்டார்.

"என்னய்யா, கண்ண வீட்டுல வச்சிட்டு வந்தீகளா?" என்றாள் அவள்.

"ஆமாத்தா, மறந்து வச்சிட்டேன்" என்று சிரித்தபடியே குனிந்து பூவைப் பொறுக்கினார். அவர் விரல்கள் பூ இல்லாத இடத்தில் தேடின.

கோபுரம் தெரிகிற ஒரு கடை வாசலில் நின்று பால்கோவா சாப்பிட்டோம். சுடச்சுட, மந்தார இலையில். அடுப்புப் புகை வாசனை அடித்தது. நல்ல பண்டம்தான், எனக்கு உள்ளே இறங்கவில்லை. "அத்தான், அந்த வண்டிய..." என்று ஆரம்பித்தேன்.

"ஒங்க அக்கா சொல்லிவிட்டாளா?"

நான் இலையில் மீந்த பால்கோவாவை விரலால் வழித்தேன்.

"நீ எறங்குனப்பவே தெரியும். கண்ணு போறது எனக்குத் தெரியாதா மாப்ளே? டாக்டர் படம் போட்டுக் காட்டிட்டாரு. குழா வழியா பாக்கிற மாதிரி இருக்கு. அந்தக் குழாவும் சிறுத்துக்கிட்டே வருது." இலையை மடித்தார். "வாழ்க்கை பூரா லோடு வேன்லயே போனவன் நான். அம்பத்தெட்டு வயசுல இத வாங்குனேன். இத வித்துட்டா நாளையிலருந்து நான் சுவத்தப் பிடிச்சு நடக்கிறவன். அம்புட்டுத்தான். நீ கெளம்புற வரைக்கும் விடு. பொறவு சாவிய ஒன் கையிலயே தாரேன்."

அந்தப் பேச்சில் நான் கரைந்துவிட்டேன். சரி என்று சொன்னேன்.

நான்காம் நாள் ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. தென்காசி ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லண்ணாச்சி, பொகைக் கொழா ஃபில்டர்ல கரி அடைச்சிருக்கு. இது டவுனுக்குள்ள உருட்டுற வண்டி இல்ல. வாரத்துக்கு ஒருக்கா அரை மணி நேரம் நிக்காம வெரட்டி ஓட்டணும். சூட்டுல கரி தானா எரிஞ்சிரும். ஓட்டாம நிறுத்திப் போட்டா செத்துரும்" என்றார். அத்தான் என்னைப் பார்த்தார். கேட்டாயா என்று கேட்பது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அக்கா கோவிலுக்குப் போயிருந்தாள். மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனதிலிருந்து சாவி என்னிடம் இருந்தது. நான் ஓட்டுநர் பக்கம் போய் நின்றேன். அத்தான் கையை நீட்டினார்.

"கடைசியா ஒரு தடவ. நேர் ரோடு. வண்டி இருக்காது. நீ இடது பக்கம் மட்டும் பாத்துச் சொல்லு, போதும்."

இருபத்தாறு வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட நான் கீறலோடு வீட்டில் இறக்கியதில்லை. அப்படிப்பட்டவன் சாவியைக் கொடுத்தேன். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை, அதைப் பார்த்தேன், கொடுத்துவிட்டேன்.

சேத்தூர் வரை ஒழுங்காகச் சொன்னேன். இடது பக்கம் மாடு. இடது பக்கம் ஒரு அம்மா, குடத்தோடு. இடது பக்கம் யாரும் இல்லை. அக்காவைப் போல நடுவில் வீட்டுப் பேச்சுப் பேச எனக்கு வரவில்லை. ஊரைத் தாண்டியதும் அவர் வேகத்தைக் கூட்டினார். வண்டி தரையோடு தாழ்ந்து, சத்தமே இல்லாமல் விரைந்தது. தென்னந்தோப்புகள் பின்னால் ஓடின. அவர் முகம் இளைஞன் முகமாக இருந்தது. தேவதானத்துக்குச் சற்று முன்னால் மஞ்சள் விளக்கு அணைந்தது.

"அணைஞ்சிருச்சு அத்தான்!" என்றேன்.

"அணைஞ்சிருச்சா!" என்று சிரித்தார்.

நானும் சிரித்துக்கொண்டே வலது பக்கம் மலையைப் பார்த்தேன். மேலே மழை இறங்கிக்கொண்டிருந்தது. "மலையில மழை" என்று சொல்ல வாயெடுத்தேன். இடது பக்க மண்பாதையிலிருந்து ஒரு சைக்கிள் ரோட்டில் ஏறியது. பின்னால் பெரிய புல்லுக்கட்டு. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அத்தான் பிரேக்கை மிதித்தபோது காரின் மூலை சைக்கிளைத் தட்டிவிட்டது.

ரோடெல்லாம் புல். நடுவில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார், ஐம்பது வயது இருக்கும். கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவர் காலைப் பார்க்காமல், "சைக்கிள எடுத்து ஓரமா வைங்கய்யா, வண்டி ஏறிரும்" என்றார். கண்ணு எங்கலே போச்சு என்று அவரைத் திட்டியபடி தோப்பிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். பின் இருக்கையை மடக்கினேன். துணிக்கட்டு ஒன்றைப் பிரித்து, தென்னைமட்டையை வைத்துக் காலைச் சுற்றிக் கட்டினேன். அவரை நீளவாக்கில் படுக்க வைத்தோம். ஓர் ஆள் வசதியாகப் படுக்கிற நீளம் இருந்தது. ராஜபாளையம் அரசு ஆஸ்பத்திரி வரை நான்தான் ஓட்டினேன். அத்தான் பின்னால் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர் பெயர் மாரியப்பன். தேவதானத்தில் ஒரு தோப்பில் கூலி வேலை. அன்று மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கம்பி வைக்க வேண்டும், ஐந்தாறு மாதம் ஊன்றக்கூடாது என்றார் டாக்டர்.

காவலர் ஒருவர் வந்து விசாரித்தார். நாங்கள் வாய் திறப்பதற்குள் மாரியப்பனே, "நான்தான்யா பாக்காம ரோட்டுல ஏறிட்டேன். புல்லு மறைச்சிருக்கும்" என்றார். அவர் மனைவி வேலம்மாள் அப்போதுதான் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். அதைக் கேட்டதும் அவரைப் பார்த்து, "கண்ணு தெரியலையா ஒனக்கு? எத்தன தடவ சொல்லுதேன், பாத்துப் போ, பாத்துப் போன்னு. இனி நானும் பிள்ளைகளும் என்ன செய்ய?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

காவலர் என்னிடம் திரும்பினார். "நீங்க பக்கத்து சீட்டா? என்ன பாத்தீங்க?"

"திடீர்னு வந்துட்டார்" என்றேன்.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சிகிச்சைக்கு ஆவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். வேலம்மாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதன் பிறகு இரண்டு நாள் கார் கொட்டகையில் நின்றது. இடது விளக்கு உடைந்திருந்தது. அக்கா சமைத்தாள், பரிமாறினாள், மிச்சத்தைக் கொட்டினாள். இரண்டாம் நாள் மாலை அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலேயே சொன்னாள்: "நான் வந்திருந்தா பாத்திருப்பேன் தம்பி." பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இல்ல. என்னைக்காவது ஒருநா நானும் வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். ஒன்றரை வருசமா தப்பு பண்ணது நான்தான். மொத நாளே வாய மூடியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பாக" என்று அழுதாள்.

அத்தான் கொட்டகையில் காருக்குள் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் இருக்கையில் இல்லை, பின்னால், மடக்கிய இருக்கையின் மேல். ரத்தக்கறை இன்னும் போகவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்த ஆளு மூஞ்சி எப்படி இருந்துச்சு மாப்ளே? மோதுறதுக்கு முன்னாடி."

"பயந்த மாதிரி இருந்தது. நம்ம வண்டி நிக்கும்னு நினைச்ச மாதிரி இருந்தது."

"நான் பாக்கவே இல்ல. சத்தம்தான் கேட்டுச்சு." ரத்தக்கறையில் உள்ளங்கையை வைத்தபடி, "காலையில ஸ்டேஷனுக்குப் போவோம். நானே எழுதிக் குடுக்கேன். வண்டி அங்கேயே நிக்கட்டும்" என்றார்.

"மாரியப்பன்கிட்ட?"

"சொல்லணும். என்னால அந்தம்மா கும்பிட்ட எடத்துல போயி நிக்க முடியல. நீ மொதல்ல சொல்லு. பொறவு நான் வாரேன்."

மறுநாள் நான் ஊர் திரும்பும் நாள். காரை ஓட்டிப் போய்க் காவல் நிலைய வளாகத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். ஏற்கனவே நசுங்கிய பைக்குகளும் ஒரு மினி லாரியும் அங்கே துருப்பிடித்து நின்றன. அக்கா அத்தானின் கையைப் பிடித்துப் படியேற்றினாள். எத்தனை படி என்று அவள் சொல்ல, அவர் ஒவ்வொன்றாக ஏறினார். நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

மாரியப்பன் வார்டில் தனியாகப் படுத்திருந்தார். கால் தலையணைமேல் இருந்தது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டியவருக்குப் பக்கவாட்டில் பார்வை கிடையாது. பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான். நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலரிடம் முழுதாகச் சொல்லவில்லை. இப்போது ஓட்டியவர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

மாரியப்பன் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப எம்மேல தப்பு இல்லையா?" என்றார்.

"இல்லண்ணே."

"நான் ரெண்டு பக்கமும் பாத்துத்தான்யா ஏறுனேன். தூரத்துல வண்டி வந்துச்சு. நம்மளப் பாத்து ஒதுங்கும்னு நெனச்சேன். பொறவு வாரவன் போறவனெல்லாம் கண்ணு எங்கலே போச்சுன்னு கேக்கவும், நான்தான் பாக்கலையோன்னு எனக்கே ஆயிருச்சு." முழங்கையை ஊன்றி நிமிர்ந்தார். "இத எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

வேலம்மாள் கஞ்சி வாங்கப் போயிருந்தாள். மதுரைக்குப் பஸ் ஏறும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே நின்றேன். அவள் தூக்குவாளியோடு வந்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது அதிகக் கஷ்டமாக இருந்தது.

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "மூணு நாளா இந்த மனுசன நான் பேசாத பேச்சில்ல" என்றாள். அவர் நல்ல காலின் பாதத்தில் கையை வைத்துக்கொண்டாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"அவருக்குக் கண்ணு தெரியாதுன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அந்தம்மாவுக்கு?"

"தெரியும்."

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு, வாய் பழக்கத்தில், "வாரேம்மா" என்றேன்.

"போங்க" என்றாள் அவள். "வாரேன்னு மட்டும் சொல்லாதீய."